பப்பில் வாசிக்கும்போது பாடகியின் குரல் எங்கே போகிறது?

நீங்கள் கேட்டது இது: நீங்கள் நால்வர். ஒரு பாடகி, கிட்டாரில் நீங்கள், தாழ் சுரம் தரும் பேஸ் கிட்டார், டிரம்ஸ். பாட்டுகள் எல்லாம் நீங்களே எழுதியவை. போன முறை ஒரு சின்ன பப்பில் வாசித்தபோது, வந்தவர்கள் "மியூசிக் நன்றாக இருந்தது, ஆனால் பாட்டில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை" என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த மாதம் இன்னொரு பப்பில் 45 நிமிடம் கிடைத்திருக்கிறது. நல்ல மைக் வாங்கலாமா, பெரிய ஸ்பீக்கர் வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம். பல வருடம் பேஸ் வாசித்துவிட்டு, அப்புறம் மிக்ஸர் பக்கம், அதாவது எல்லா மைக்குகளின் ஒலியையும் கலந்து அளவு வைக்கிற கருவியின் பக்கம், வந்து உட்கார்ந்தவன் நான். இந்தப் புகாரை இரண்டு பக்கத்திலிருந்தும் கேட்டிருக்கிறேன். சின்ன அறையில் குரல் காணாமல் போவதற்கு மைக் காரணமாக இருப்பது அபூர்வம். மற்ற மூவரும் எவ்வளவு சத்தமாக வாசிக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உங்கள் பாடகியின் குரல் எவ்வளவு சத்தத்துக்கு மேலே மிதக்க முடியுமோ, அதுதான் அந்த இரவு உங்கள் குழுவின் உச்ச அளவு. இதை நால்வரும் மனதார ஒப்புக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியைக் கீழே சொல்கிறேன்.

முதலில் அறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். டிரம்ஸை யாராவது கொஞ்சம் உற்சாகமாக அடித்தாலே பக்கத்தில் 100 டெசிபெலைச் சாதாரணமாகத் தாண்டும். அதற்கு மைக்கும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். கிட்டார்காரருக்குத் தன் சத்தம் கேட்க வேண்டும் என்பதால் ஆம்பை (கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டியை) கூட்டுகிறார். பேஸும் கூடுகிறது. நடுவில் நிற்கிற பாடகியிடம் இருப்பது இரண்டு குரல் நாண்கள் மட்டும். சரி, மிக்ஸரில் குரலைக் கூட்டினால் என்ன என்று தோன்றும். பாடகிக்குப் பின்னால் இரண்டு மீட்டர் தூரத்தில் டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பல் இருக்கிறது. அந்த மைக் குரலை மட்டும் எடுப்பதில்லை, சிம்பலையும் சேர்த்தே எடுக்கிறது. குரலை 6 டெசிபெல் கூட்டினால் ஸ்பீக்கரில் சிம்பலும் அதே 6 டெசிபெல் கூடும். இன்னும் கொஞ்சம் தள்ளினால் மைக் கீச்சிட ஆரம்பிக்கும். ஸ்பீக்கரிலிருந்து வந்த ஒலி மைக்குக்குள் போய், மறுபடி பெருகி, மறுபடி ஸ்பீக்கரில் வருகிற சுழற்சி அது. இதை ஆராய்ந்த டென்மார்க் இயற்பியலாளர் சோரன் லார்சன் பெயரால் லார்சன் விளைவு என்பார்கள். நாம் எல்லோரும் ஃபீட்பேக் என்கிறோம். பெரிய ஸ்பீக்கர் கொண்டுவந்தால் இந்தச் சுழற்சி நிற்காது. அதே அறை, அதே மைக், அதே சிம்பல்தானே.

இதோடு முடியவில்லை. பப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பேச வந்தவர்கள். சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார்கள். எட்டியென் லொம்பார் என்ற பிரெஞ்சு காது மருத்துவர் இதை 1911-இல் எழுதி வைத்தார், இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. நீங்கள் சத்தம் கூட்டினால் அவர்களும் கூட்டுவார்கள். நீங்கள் இன்னும் கூட்டுவீர்கள். இந்தப் போட்டியில் கூட்டமும் இசைக்குழுவும் கடைசிவரை ஏறிக்கொண்டே போவதை நிறைய இரவுகளில் மிக்ஸருக்குப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். இழப்பு எப்போதும் பாடுகிறவருக்குத்தான். மூன்றாவது பாட்டிலேயே தொண்டை கட்டிவிடும்.

ஆகவே டிரம்ஸிலிருந்து தொடங்க வேண்டும். அங்கே குறைத்தால்தான் மற்ற இருவரும் குறைப்பார்கள். டிரம்மரிடம் "மெதுவாக அடி" என்று சொன்னால் அவர் மனம் நோகும், வாசிப்பும் செத்துப்போகும். அது நியாயமான வருத்தம்தான். ஒரு டிரம்மரின் உடம்பு அசைவும் தாளமும் ஒன்றோடொன்று பின்னியவை. ஆகவே கையைக் கட்டாமல் கருவியை மாற்றுங்கள். தடித்த 5பி குச்சியில் அடிப்பவர் மெல்லிய 7ஏ எடுத்தால் குச்சியின் எடை குறையும், அசைவு அப்படியே இருக்கும். மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டிய ராட்ஸ் என்று ஒன்று உண்டு. மென்மையான பாட்டுகளுக்கு அது மிக நன்றாக இருக்கும். சிம்பல் மெல்லியதாக இருந்தால் சீக்கிரம் பேசி சீக்கிரம் அடங்கும். கனமான சிம்பல் அறையெங்கும் தொங்கிக்கொண்டே இருக்கும், அதற்குள் அடுத்த அடி விழுந்துவிடும்.

டிரம்மரின் முன்னால் இருக்கும் சின்ன டிரம்மான ஸ்னேருக்கு ஒரு எளிய வழி. ஒரு நிகழ்ச்சியில் டிரம்மர், தொடங்கும் முன் ஒலியைச் சரிபார்க்கும் சவுண்ட் செக் நடுவில் பின்பாக்கெட்டிலிருந்து தோல் பர்ஸை எடுத்து, விரித்து, ஸ்னேரின் ஓரத்தில் வைத்தார். அதுவரை ஒவ்வொரு அடிக்கும் 'டாங்ங்ங்' என்று இழுத்துக்கொண்டிருந்த ஸ்னேர், 'டப்' என்று ஒரே சொல்லாக நின்றது. அந்த இழுவை போனதும் பாடுபவரின் குரலில் அதுவரை கேட்காத 'ச', 'த' எல்லாம் வெளியே வந்தன. நான் மிக்ஸரில் எதையும் தொடவில்லை. பர்ஸ் வேண்டாம் என்றால் டிரம்முக்கென்றே விற்கிற ஜெல் துண்டு, அல்லது டேப்பில் மடித்து ஒட்டிய டிஷ்யூ போதும். காலால் அடிக்கும் பெரிய டிரம்மான கிக் டிரம்முக்குள் ஒரு தலையணை வையுங்கள்.

அடுத்து உங்கள் பக்கம் வருகிறேன், கிட்டார். இங்கேதான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் குரலை மூடுவதில் சிம்பலுக்கு அடுத்த இடம் கிட்டாருக்கு. ஆம்பின் 12 அங்குல ஸ்பீக்கர், உச்ச ஒலிகளை டார்ச் வெளிச்சம் போல நேராக அனுப்புகிறது. ஆம்ப் தரையில் இருக்கிறது, நீங்கள் அதன் முன்னால் ஒரு மீட்டரில் நிற்கிறீர்கள். அந்த ஒளிக்கற்றை உங்கள் முழங்காலில் படுகிறது. உங்கள் காதுக்கு மங்கலாகக் கேட்பதால் ட்ரெபிளை, அதாவது உச்ச ஒலிகளைக் கூட்டுகிறீர்கள், வால்யூமையும் கூட்டுகிறீர்கள். எதிரே மேசையில் உட்கார்ந்திருப்பவரின் காது அந்தக் கற்றையின் பாதைக்கு அருகில் இருக்கிறது. அவருக்கு அது ஊசியாகக் குத்துகிறது.

நான் வழக்கமாகச் செய்வது, பப்பிலேயே கிடைக்கிற ஒரு நாற்காலியை எடுத்து அதன்மேல் ஆம்பை வைத்து, முன்பக்கத்துக்குக் கீழே ஒரு மரத்துண்டைச் செருகிப் பின்பக்கமாகச் சாய்ப்பது. ஸ்பீக்கர் இப்போது கிட்டார்காரரின் முகத்தைப் பார்க்கும். ஒருவர் முதல் கார்டை (பல ஸ்ட்ரிங்குகளைச் சேர்த்து மீட்டும் சுரக்கூட்டை) அடித்ததும் கையை எடுத்துவிட்டு, "இவ்வளவு கூர்மையாகவா இருக்கிறது?" என்று என்னைப் பார்த்தார். அவரே குனிந்து ட்ரெபிளைக் குறைத்தார், வால்யூமையும் பாதியாக்கினார். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆம்பை மேடையின் ஓரத்தில் வைத்து, கூட்டத்தை நோக்காமல் மேடைக்குக் குறுக்கே திருப்பி வைப்பதும் நல்ல பழக்கம். அப்போது டிரம்மருக்கும் கிட்டார் கேட்கும், முதல் வரிசைக்கும் அடி விழாது.

ஆம்பின் வாட்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. 100 வாட்ஸ் ஆம்ப் 50 வாட்ஸைவிட இரண்டு மடங்கு சத்தம் என்று நினைக்கிறோம். வித்தியாசம் வெறும் 3 டெசிபெல்தான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். 15 வாட்ஸ் வால்வ் ஆம்ப் சின்ன பப்புக்குத் தாராளம். பெரிய ஆம்பைக் குறைத்து வைத்தால் அதன் நல்ல குணம் வெளியே வராது, சின்ன ஆம்பைக் கொஞ்சம் உழைக்கவிட்டால் வரும்.

வீட்டில் அமைத்த டோனை அப்படியே மேடைக்குக் கொண்டுவராதீர்கள். மெதுவாகக் கேட்கும்போது நம் காதுக்குத் தாழ் ஒலிகளும் உச்ச ஒலிகளும் குறைவாகக் கேட்கும். ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் இதை அளந்து வரைபடமாகவே வெளியிட்டார்கள். அதனால் படுக்கையறையில் ஆம்பின் பேஸ் குமிழையும் ட்ரெபிள் குமிழையும் ஏற்றி, நடுவைக் குடைந்தெடுத்து வைத்தால் அழகாக இருக்கும். சத்தம் கூடியதும் அதே டோனில் அடியில் குமுறலும் மேலே இரைச்சலும் மட்டும் நிற்கும், நடுவில் கிட்டார் இருக்காது. "என் கிட்டார் கேட்கவில்லை" என்று வால்யூமைக் கூட்டுவீர்கள். நடுவைத் திருப்பிக் கொடுங்கள், வால்யூமைக் குறையுங்கள். அதே சமயம் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் கவனம் வேண்டும். சொற்களைப் புரியவைக்கிற மெய்யெழுத்துகளின் தெளிவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. நம் காது மிகக் கூர்மையாக இருப்பதும் அந்தப் பகுதியில்தான். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல் போட்ட கிட்டாரும் அங்கேதான் கொட்டுகிறது. பாடும் இடங்களில் பெடலின் கெயினை (கரகரப்பின் அளவை) கொஞ்சம் இறக்கினாலே வார்த்தைகளுக்கு வழி திறக்கும்.

இதைக் குமிழ்களால் மட்டும் தீர்க்க நினைக்காதீர்கள். வாசிப்பிலேயே இடம்விட வேண்டும். 1970-களின் முற்பகுதியில் லண்டன் பப்புகளில் ஒரு இசை இயக்கமே உருவானது, பப் ராக் என்று அதற்குப் பெயர். எக்ஸ் ஓவர் ஈஸி என்ற அமெரிக்கக் குழு 1971-இல் கென்டிஷ் டவுனில் டேலி ஹோ என்ற பப்பில் வாசிக்கத் தொடங்கியதை அதன் ஆரம்பமாகச் சொல்வார்கள். அதில் வந்தவர்களில் எனக்கு மிகப் பிடித்தவர்கள் டாக்டர் ஃபீல்குட். உங்களைப் போலவே நான்கு பேர். கிட்டார் வாசித்த வில்கோ ஜான்சன் பிக் (ஸ்ட்ரிங்கை மீட்டும் சின்னத் தகடு) இல்லாமல் விரல்களாலேயே கார்டை வெட்டி வெட்டி அடிப்பார். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவே மௌனம் இருக்கும். அந்த மௌனத்துக்குள்தான் லீ பிரில்லோவின் கரகரத்த குரல் வந்து உட்காரும். அவர்களுடைய நேரடி நிகழ்ச்சி ஆல்பம் 1976-இல் பிரிட்டன் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பாடும்போது வாசிப்பு எங்கே விலகிக்கொள்கிறது, பாட்டு நின்றதும் எப்படிப் பாய்ந்து வருகிறது என்று அந்தப் பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் பாட்டுகளில் ஒரு வேலை செய்யுங்கள். பாட்டின் வரிகளைத் தாளில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் கீழே யார் யார் வாசிக்கிறார்கள் என்று குறியுங்கள். எல்லா வரியிலும் மூன்று பேரும் முழுமூச்சாக வாசிக்கிறார்கள் என்று வந்தால், முதல் சரணத்தில் ஒருவரை நிறுத்துங்கள். பல்லவி வரும்போது அவர் சேர்ந்தால் அந்த இடம் தானாகவே பெரிதாகும், வால்யூமைத் தொடாமலே.

பேஸைப் பற்றிச் சுருக்கமாக. விரல் வைக்காமல் மீட்டும் ஈ ஸ்ட்ரிங் 41 ஹெர்ட்ஸ், அதன் ஒரு அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். பல பப்புகளில் மேடைப் பக்கத்து அறையே அவ்வளவு நீளம் இருக்காது. சுவரில் மோதித் திரும்பும் அலைகள் சில இடங்களில் குவியும், சில இடங்களில் ஒன்றையொன்று அழிக்கும். பேஸ் வாசிப்பவருக்கு ஒன்றும் கேட்காது, பின்மேசைக்காரருக்கு வயிறு அதிரும். மூலையில் பேஸ் ஆம்பை வைத்தால் குமுறல் இன்னும் கூடும். மூலையை விட்டு நகர்த்துங்கள். சவுண்ட் செக்கில் பேஸ்காரர் நீண்ட கேபிளோடு கூட்டம் நிற்கும் இடத்துக்கு நடந்துபோய்க் கேட்கட்டும். இது ஒன்றுதான் உண்மையான சோதனை.

இப்போது பாடகி. அவருக்கு நான் சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் கணக்கோடு சொல்கிறேன். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் குரல் ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும். 3 சென்டிமீட்டரிலிருந்து 12 சென்டிமீட்டருக்கு மைக் விலகினால் 12 டெசிபெல் போய்விட்டது. அதை மிக்ஸரில் ஈடுகட்டினால் சிம்பலும் 12 டெசிபெல் கூடும். ஆகவே மெல்லப் பாடும் இடங்களில் உதடு மைக்கைத் தொடுகிற அளவுக்கு நெருங்கட்டும். உச்சத்தில் குரலை எறியும்போது மட்டும் கொஞ்சம் விலகலாம். மைக்கின் உருண்டைத் தலையைக் கையால் மூடிப் பிடிக்கக் கூடாது. பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அந்த மைக் முன்னால் வரும் ஒலியை மட்டும் எடுப்பதற்குக் காரணம் பின்பக்கத் துளைகள். அவற்றை அடைத்தால் எல்லாத் திசையிலிருந்தும் எடுக்கத் தொடங்கும், உடனே கீச்சிடும்.

மைக் புதிதாக வாங்க வேண்டாம் என்றேன். பெரும்பாலான பப்புகளில் ஷூர் எஸ்எம்58 இருக்கும். 1966-இல் வந்தது, இன்றும் தாங்குகிறது. முன்பக்க ஒலியை அதிகம் எடுக்கும் கார்டியாய்டு வகை என்பதால் அது நேர் பின்னால் வரும் ஒலியைத்தான் மிக நன்றாகத் தள்ளும். மானிட்டரை, அதாவது பாடகிக்குத் தன் குரல் கேட்க வைக்கும் ஸ்பீக்கரை, அவருக்கு நேர் எதிரே, மைக்கின் வால் காட்டும் பக்கத்தில் வையுங்கள். இன்னும் குறுகலாக எடுக்கும் சூப்பர்கார்டியாய்டு மைக் கொடுத்தால் அதற்கு நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும். மானிட்டரைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். மானிட்டரில் அவருடைய குரல் மட்டும் வரட்டும். கிட்டார் கேட்க வேண்டும், கிக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் சின்ன மானிட்டர் கூழாகிவிடும். பயன்படாத மைக்குகளை அணைத்து வைக்கச் சொல்லுங்கள். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பானால், கீச்சிடாமல் கிடைக்கும் அளவில் 3 டெசிபெல் போய்விடும். கோரஸ் பாட மூன்று பேருக்கும் மைக் வேண்டுமா என்பதை இந்தக் கணக்கோடு யோசியுங்கள்.

சவுண்ட் செக் வழக்கமாகக் கிக் டிரம்மில் தொடங்கும். ஸ்னேர், பேஸ், கிட்டார் என்று வந்து கடைசியாகக் குரலுக்கு வருவார்கள், அப்போது நேரம் முடிந்திருக்கும். பெரிய அரங்குக்கு அந்த வரிசை சரி. சின்ன பப்பில் தலைகீழாகச் செய்யுங்கள் என்று நான் எல்லாக் குழுக்களிடமும் கேட்டுக்கொள்வேன். முதலில் பாடகி மட்டும் தனியாக, கீச்சிடும் எல்லைக்குச் சற்றுக் கீழே குரல் எவ்வளவு வரும் என்று பார்த்து அதை அங்கேயே நிறுத்துங்கள். அப்புறம் டிரம்ஸ் சேரட்டும். குரல் மூழ்குகிறதா? டிரம்ஸ் இறங்கட்டும். அப்புறம் பேஸ், கடைசியாக நீங்கள். அந்த அறையின் உச்சி எங்கே இருக்கிறது என்று நால்வருக்கும் காதால் தெரிந்துவிடும், யாரும் யாரிடமும் வாதாட வேண்டியதில்லை. முழுப் பாட்டையும் வாசிக்காதீர்கள். மிகச் சத்தமான பாட்டில் ஒரு பல்லவி, மிக மென்மையான பாட்டில் ஒரு சரணம், அது போதும்.

காலி அறையில் கேட்பது இரவு கேட்காது. மனித உடம்பும் உடைகளும் உச்ச ஒலிகளை நன்றாக உறிஞ்சும். மாலையில் பளபளவென்று கூசுகிற அறை, கூட்டம் நிறைந்ததும் மங்கிவிடும். அதனால் சவுண்ட் செக்கில் கொஞ்சம் பிரகாசமாக இருந்தால் பதறாதீர்கள். உங்களுக்கு முன் வேறு குழு வாசித்தால் சவுண்ட் செக்கே கிடைக்காமல் போகலாம், ஒவ்வொரு மைக்கும் வேலை செய்கிறதா என்று ஒரு நிமிடம் பார்க்கும் லைன் செக் மட்டும்தான். அப்போதும் குரலைத்தான் முதலில் கேளுங்கள். சவுண்ட் இன்ஜினியரின் பெயரைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். யார் எங்கே நிற்கிறார்கள், எத்தனை மைக், கருவியின் சிக்னலை நேராக மிக்ஸருக்கு அனுப்பும் டிஐ பாக்ஸ் எத்தனை வேண்டும் என்று ஒரு தாளில் வரைந்து முன்கூட்டியே அனுப்பினால் அவர் உங்களை மறக்க மாட்டார்.

மின்சாரத்தில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். ஆம்ப் 'ம்ம்ம்' என்று முனகினால் பிளக்கின் எர்த் கம்பியைத் துண்டித்துச் சரிசெய்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972-இல் ஸ்வான்சியில் மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். சரியாக எர்த் ஆகாத மைக்கைத் தொட்டதுதான் காரணம். ஒரு கையில் கிட்டார் ஸ்ட்ரிங், உதட்டில் மைக் என்று நிற்கிறவரின் உடம்பு இரண்டுக்கும் நடுவே பாலமாகிவிடும். முனகலுக்கு டிஐ பாக்ஸில் இருக்கிற கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானைத் தட்டிப் பாருங்கள். அது சிக்னல் கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் விலக்கும், ஆபத்தில்லை. எல்லா ஆம்புகளையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுப்பதும் உதவும். மேடையில் உங்களுக்கு லேசாகச் சுரீர் என்றால்கூட நிகழ்ச்சியை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

பாட்டு வரிசைக்கு வருவோம். 45 நிமிடத்துக்குப் பத்துப் பாட்டு போதும். மூன்றரை நிமிடம் வீதம் 35 நிமிடம், மீதி பேசவும் சுருதி சேர்க்கவும் போய்விடும். கடைசிப் பாட்டு இடம்பெறாமல் போவதைவிட இரண்டு நிமிடம் முன்னால் முடிப்பது எவ்வளவோ மேல். கேப்போ (சுருதி ஏற்றக் கிட்டார் கழுத்தில் மாட்டும் பிடிப்பான்) போடும் பாட்டுகள், சுருதி மாற்றும் பாட்டுகள் அடுத்தடுத்து வரட்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே அரை நிமிடம் டியூன் செய்துகொண்டிருந்தால் கூட்டம் மறுபடி பேச்சில் மூழ்கிவிடும், அதை மீட்க இரண்டு பாட்டு ஆகும். பெடல் போர்டில் ஒரு டியூனர் வையுங்கள், சத்தம் வெளியே வராமல் சேர்க்கலாம். ஸ்ட்ரிங்கை நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பே மாற்றி, இழுத்து இழுத்து விட்டுப் பழக்குங்கள். அன்றே மாற்றினால் முதல் பாட்டு முடிவதற்குள் இறங்கும். மாற்றாமலே விட்டால் அறுந்துபோகும், பெரும்பாலும் மிக முக்கியமான பாட்டில்.

இன்னொரு விஷயம், வேகம். மேடையில் இதயம் வேகமாகத் துடிக்கும்போது எந்தப் பாட்டும் மெதுவாகவே தோன்றும். பயிற்சி அறையில் நிமிடத்துக்கு 112 துடிப்பில் வாசித்த பாட்டு மேடையில் 124-இல் ஓடும். பாடகிக்கு மூச்செடுக்க இடமிருக்காது, வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். புரியவில்லை என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். டிரம்மர் பாட்டுத் தொடங்கும் முன் போனில் மெட்ரோனோமின் ஒளியை நான்கு துடிப்புப் பார்த்துவிட்டு எண்ணட்டும், வாசிக்கும்போது பார்க்க வேண்டாம். அல்லது பல்லவியின் முதல் வரியை மனதுக்குள் பாடிவிட்டு எண்ணட்டும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், ஏனென்றால் அப்போது வேகம் வார்த்தைகளிலிருந்து வருகிறது.

பப் நடத்துபவரிடம் சில விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: எப்போது வர வேண்டும், எப்போது தொடங்கி எப்போது முடிக்க வேண்டும், ஸ்பீக்கரும் மிக்ஸரும் யாருடையது, டிரம்ஸ் அங்கேயே இருக்கிறதா, பணம் மொத்தமாகவா அல்லது நுழைவுக் கட்டணத்தில் பங்கா. டிரம்ஸ் பொது என்றாலும் ஸ்னேர், சிம்பல், கிக் பெடல் மூன்றையும் உங்கள் டிரம்மர் கொண்டுபோக வேண்டும்.

காதைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. 85 டெசிபெலில் எட்டு மணி நேரம் என்பது வேலையிடங்களுக்கு, பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியாஷ் நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெலில் 15 நிமிடம்தான். இசை நடக்கும் இடங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறையும் 15 நிமிடச் சராசரி 100 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்கிறது. வாரத்துக்கு மூன்று நாள் சின்ன அறையில் பயிற்சி செய்கிற டிரம்மர் இதை எத்தனை முறை தாண்டுகிறார் என்று யோசியுங்கள். இசைக் கலைஞர்களுக்கென்று வரும் இயர்பிளக், எல்லா ஒலிகளையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும், பஞ்சு மாதிரி மந்தமாக்காது. நான் இருபதுகளில் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது அமைதியான அறையில் என் இடது காதில் ஒரு மெல்லிய ரீங்காரம் எப்போதும் இருக்கிறது. நால்வரும் வாங்குங்கள், அடுத்த பயிற்சிக்கு முன்பே.

கடைசியாக மேடையில் நடப்பது. உங்களிடம் மிக மென்மையான ஒரு பாட்டு இருக்கும். பப்பில் எடுபடாது என்று அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடத் தோன்றும். எடுக்காதீர்கள், நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வையுங்கள். ஒரு இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நான்கு வேகமான பாட்டு முடிந்து, கூட்டம் முழுச் சத்தத்தில் பேசிக்கொண்டிருந்தது. அந்தப் பாடகி ஒன்றும் சொல்லவில்லை, "அமைதியாக இருங்கள்" என்று கேட்கவும் இல்லை. டிரம்மர் குச்சிகளை மடியில் வைத்துவிட்டார். பேஸ் மட்டும் ஒரே சுரத்தில் தொடங்கியது. பாடகி மைக்குக்கு மிக அருகில் வந்து, பேசுகிற குரலிலேயே முதல் வரியைப் பாடினார். முன்வரிசை மேசையில் ஒருவர் பாதி வாக்கியத்தில் நிறுத்தித் திரும்பினார். அவர் நிறுத்தியதால் அவரோடு பேசிக்கொண்டிருந்தவரும் நிறுத்தினார். அந்த அமைதி மேசை மேசையாகப் பின்னால் போனதை நான் கண்ணாலேயே பார்த்தேன். இரண்டாவது சரணத்தில் கவுண்ட்டரில் யாரோ கிளாஸை வைக்கும் 'டக்' என்ற சத்தம் தெளிவாகக் கேட்டது. அப்புறம் மூவரும் சேர்ந்து பல்லவியில் வந்து இறங்கியபோது, அதற்கு முன் வாசித்த நான்கு பாட்டையும்விட அது பெரிதாக ஒலித்தது. மீட்டரைப் பார்த்தேன், அவற்றைவிடக் குறைவாகத்தான் இருந்தது.

நிகழ்ச்சி முழுவதையும் ஒரு போனில் பதிவு செய்யுங்கள். மேடைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அறையின் பின்பக்கம், கடைசி மேசையில், நம்பகமான நண்பர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். இரண்டு நாள் கழித்து நால்வரும் சேர்ந்து உட்கார்ந்து கேளுங்கள். முதல் தடவை கேட்கும்போது கிட்டாரையோ டிரம்ஸையோ பற்றி யாரும் பேச வேண்டாம். கையில் காகிதம் வைத்துக்கொண்டு, காதில் விழுகிற வார்த்தைகளை மட்டும் எழுதுங்கள். பாட்டை எழுதியவர் பாடகிதான் என்றால் அவர் எழுத வேண்டாம், அவருக்கு எல்லாம் மனப்பாடம். இன்னும் நல்லது, அந்தப் பாட்டுகளை இதுவரை கேட்டேயிராத ஒருவரை எழுதச் சொல்வது. எந்த வரிகளில் அவர் பேனா நின்றுவிடுகிறது என்று பாருங்கள். அந்த வரிகளுக்குக் கீழே யார் என்ன வாசித்துக்கொண்டிருந்தார் என்று தேடினால், அடுத்த பயிற்சிக்கான வேலை உங்கள் கையில் இருக்கும்.